ஒரு காலும் ஒரு புள்ளியும்

தேவகோட்டையில் மூன்று வீட்டுக்கு நான் கடுதாசி எழுதுகிறேன்.
திங்களும் வியாழனும் பெ.லெ. வீடு,
செவ்வாய் சா.நா. வீடு,
இடையில் ஆள் அனுப்பினால் கீழத்தெரு சோலையம்மை ஆச்சிக்கு.
அவர்கள் சொல்வார்கள், நான் எழுதுவேன்.
ரங்கூனுக்கும் மோல்மேனுக்கும் பினாங்குக்கும்
என் கையெழுத்தில் கப்பலேறும்
அவர்கள் வாய்.

‘இளையராணி மரகதத்தை விற்றுவிட்டாள்’ என்று எழுதினால்
அரண்மனை வக்கீலிடமிருந்து நோட்டீஸ் வரும்.
‘விற்றுவிட்டாளாம்’ என்றால் வராது.
ள் தலையில் இருந்த புள்ளி
நகர்ந்து ம் தலையில் உட்காரும்,
நடுவே ஊன்ற ஒரு கால்.
தொழிலில் நான் கற்றது இவ்வளவுதான்.

மாசியில் கலெக்டர் துரை வந்தார்.
சா.நா. வீட்டில் டீ பார்ட்டி.

செவ்வாய்க்கிழமை வள்ளிக்கண்ணு ஆச்சி:
‘துரைசானி என் கையைப் பிடித்துக்கொண்டு
வளையலை மூன்று தரம் புகழ்ந்தாள்.
உங்களுக்கு ராவ் பகதூர் பட்டம் நிச்சயமாம்.’

வியாழக்கிழமை சிகப்பி ஆச்சி:
‘துரைசானி சீப்புச் சீடையைக் கடித்துப்
பல் ஆடிப்போய் உட்கார்ந்திருந்தாளாம்.
வள்ளிக்கண்ணு கழுத்தில் கிடந்ததில்
பாதி, கண்டனூரில் மூழ்கப்போகும் அடகுச் சாமானாம்.’
(‘நானும் பக்கத்தில்தான் இருந்தேன்’ என்றார்கள்,
பிறகு, ‘அதை எழுதாதீக.’)

சோலையம்மை ஆச்சி:
‘எனக்கு அன்றைக்கு மண்டையிடி. போகவில்லை.’
அழைப்புப் பட்டியலை எழுதியவனும் நான்தான்.
அதில் அவர்கள் பேர் கிடையாது.
மண்டையிடி என்று கொட்டை எழுத்தில் எழுதினேன்.

நானும் அங்கே இருந்தேன்.
இரண்டாங்கட்டுக் கதவுக்குப் பின்னால்,
வெள்ளியை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க.
கொடுத்த கரண்டி மூன்று டஜன்.
திரும்பியது முப்பத்தைந்து.

‘துரைமார் வந்துபோன வீட்டில் கரண்டி காணோமென்றால்
பட்டத்துக்குக் கேடு, எழுதவேண்டாம்.’
எழுதவில்லை.
பாத்திரம் துலக்கும் காளியை அன்றிரவே நிறுத்தினார்கள்.
அதையும் எழுதவில்லை.
அவளைத் திருடி என்றார்கள்.
‘ஆம்’ போடவில்லை. காலும் இல்லை, புள்ளியும் நகரவில்லை.
கூலிக்காரிக்கு அந்த இலக்கணம் எதற்கு?

சித்திரையில் சிகப்பி ஆச்சி மகளுக்குக் கல்யாணம்.
மோல்மேனில் இருக்கும் செட்டியாருக்குச்
சீர்ச் சாமான் பட்டியல் சொல்லிக்கொண்டு வந்தார்கள்:
வெள்ளிக் குடம் இரண்டு, பன்னீர்ச்செம்பு நாலு,
பெல்ஜியம் கண்ணாடி ஒரு சோடி, அதில் ஒன்று கீறல்,
வெள்ளிக் கரண்டி பதின்மூன்று.

பேனா நின்றது.
‘பதின்மூன்றா ஆச்சி?’
‘எண்ணித்தானே சொல்றேன்.’

பதின்மூன்று என்று எழுதினேன்.
மசி காய்கிறவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
காளி வீடு போகிற வழியில்தான். அன்று வேறு தெருவால் போனேன்.

ஆனியில் பதில் வந்தது. வாசிப்பதும் நான்தான்.
கல்யாணத்துக்கு வரமுடியாத வருத்தம்,
அரிசி விலை, அடுத்த கணக்குக்கு ஆள் மாற்றம்.
அப்புறம் ஒரு வரி:
‘நான் அனுப்பிய கரண்டி ஒரு டஜன்.
பதின்மூன்றாவது ஏது?’

ஆச்சி வெற்றிலைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்கள்.
‘என்ன பிள்ளை, நிறுத்திப்பிட்டீக?’

‘கப்பலில் நனைந்திருக்கிறது ஆச்சி.
ஒரு வரி தெரியவில்லை.’

கையை நீட்டினார்கள். கொடுத்தேன்.
படிக்கத் தெரியாத கை
காகிதத்தைத் திருப்பித் திருப்பித் தடவியது.
கண்ணாடி வழியே வந்த வெயிலில்
மொடமொடவென்று சத்தம் போட்டது கடுதாசி.
என்னைப் பார்த்தார்கள். நான் மசிக்கூட்டைப் பார்த்தேன்.

மடித்து மடியில் செருகிக்கொண்டு,
யாரிடமோ சொல்வதுபோல்,
‘நனைஞ்சுபோச்சாம்’ என்றார்கள்.